புது வாட்டர் டெண்டர் பாடி: அலுமினியமா, பழைய இரும்பா, மெட்ராஸ் காத்துக்கு எது நிக்கும்?

எழும்பூர்சைரன்:

வணக்கம் நண்பர்களே. தீத்தொண்டு வாரத்துல வெச்சிருந்த புது வாட்டர் டெண்டர் (தண்ணி டேங்கோட வர்ற தீயணைப்பு வண்டி) ஒண்ண பக்கத்துல நின்னு சுத்திச் சுத்திப் பாத்தேன். ரெண்டு பக்கமும் மேல சுருண்டு போற ஷட்டர், உள்ள எல்இடி லைட்டு, இழுத்தா வெளிய வர்ற ட்ரே, க்ரூ உக்கார டபுள் கேபின்னு பாக்கவே மனசு நெறஞ்சு போச்சு. ஆனா பாடி முழுக்க அலுமினியம், வெல்டிங்கே கண்ணுல படல, எல்லாம் போல்ட்டுதான், தட்டிப் பாத்தா மெல்லிசா சத்தம் வருது. பழைய வண்டியில ஆங்கிள் ஃப்ரேம் போட்டு இரும்புத் தகடு அடிச்சிருப்பாங்க, கதவத் தொறந்தாலே கனம் தெரியும். எண்ணூர், ராயபுரம், திருவான்மியூர் மாதிரி உப்புக்காத்து அடிக்கற ஸ்டேஷன்ல நிக்கப் போற வண்டி இது. 15 வருஷம் தாண்டுன அரசு வண்டிக்கு பதிவு புதுப்பிக்க முடியாதுன்னு 2023 ஏப்ரல்லேர்ந்து விதி இருக்கு, அந்த 15 வருஷத்தயாவது இந்த பாடி ஒழுங்கா ஓட்டுமா? பெயிண்ட்டயும் லைட்டயும் விட்டுட்டு, ஒரு வண்டி நல்லா கட்டியிருக்கான்னு எங்க பாத்து தெரிஞ்சுக்கறது? வேல தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அம்பத்தூர்பாடிஷாப்:

ப்ரோ, தட்டிப் பாக்கறத மொதல்ல விடுங்க. வெளிய தெரியற ஷீட்டு வெறும் மூடிதான், லோடு தாங்கறது உள்ள இருக்கற எக்ஸ்ட்ரூஷன் ஃப்ரேம், அதாவது அலுமினியத்த அச்சு வழியா அழுத்தி நீளமா எடுத்த சட்டம். அத வெல்டு பண்ணாம போல்ட்டு போடறது காசு மிச்சம் புடிக்க இல்ல, அந்த வகை அலுமினியத்துக்கு ஹீட் ட்ரீட்மெண்ட்லதான் பலமே வருது, வெல்டு சூடு பட்ட எடத்துல அந்த பலம் நெறைய போயிடும், அதனால நல்லா கட்டறவங்க கார்னர் பீஸ் வெச்சு போல்ட்டுதான் போடுவாங்க, நாளைக்கு ஒரு பக்கம் இடிச்சாலும் அந்த பேனல மட்டும் கழட்டி மாத்திக்கலாம்.

எடை விஷயமும் இருக்கு. 4500 லிட்டர் டேங்க்னா தண்ணி மட்டுமே நாலரை டன். அதுக்கு மேல பம்ப், ஏணி, ஹோஸ், பிஏ செட் (புகைக்குள்ள போட்டுக்கற மூச்சுக் கருவி), ஜெனரேட்டர், ஆளுங்க. அலுமினியம் இரும்புல மூணுல ஒரு பங்கு எடைதான், பாடியில கொறையற கிலோ எல்லாம் சாமான் ஏத்தவும் பிரேக்குக்கும் உதவுது.

உப்புக்காத்துக்கு வர்றேன், கேள்வியோட உயிரே அதுதான். அலுமினியம் தனியா நின்னா கடல் காத்த நல்லாவே தாங்கும். கீழ இருக்கற இரும்பு சப்ஃப்ரேமோட (பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல வர்ற சட்டம்) அது நேரா ஒட்டற எடம்தான் பிரச்சன. ரெண்டு உலோகம், நடுவுல உப்புத்தண்ணி, பேட்டரி மாதிரி வேல செஞ்சு அலுமினியம் வெள்ளப் பவுடரா உதிர ஆரம்பிக்கும். அதுக்கு நடுவுல ரப்பர் ஷீட்டோ நைலான் வாஷரோ கண்டிப்பா இருக்கணும். அடுத்த தடவ வண்டியப் பாத்தா குனிஞ்சு சப்ஃப்ரேம் ஜாயிண்ட்டப் பாருங்க, நடுவுல ஒண்ணுமே இல்லாம மெட்டல் மேல மெட்டல் உக்காந்திருந்தா மேல எவ்வளவு பளபளன்னு இருந்தாலும் எனக்கு அந்த வண்டி மேல நம்பிக்க வராது. பழைய இரும்பு பாடி மட்டும் ஒழுங்கான்னா அதுவும் இல்ல, குழாய் மாதிரி உள்ள காலியா இருக்கற பாக்ஸ் செக்‌ஷனுக்குள்ள தண்ணி நின்னு உள்ளேர்ந்து அரிக்கும், பெயிண்ட்டு உப்பி வெளிய தெரியறப்ப பாதி போயிருக்கும்.

அதே மாதிரி மவுண்டிங். லாரி சேஸிஸ் ரோட்டுல முறுக்கிக்கும், முறுக்கணும், அப்படித்தான் டிசைனே. டேங்கயும் பாடியயும் அது மேல இறுக்கி முடுக்கிட்டா அந்த முறுக்கல் முழுக்க பாடி மூலைக்கு போகும், கொஞ்ச நாள்ல கிராக் விழும், ஷட்டர் சிக்கும். ஸ்பிரிங்கோ ரப்பரோ வெச்ச மவுண்டு இருக்கான்னு பாருங்க. சேஸிஸ் ரெயிலோட மேல் கீழ் மடிப்புல ஓட்ட போட்டிருந்தா அது பெரிய தப்பு, ஓட்ட நடுவுல நிமிர்ந்து நிக்கற பக்கத்துலதான் (வெப், web) இருக்கணும். ஈஸியா ஒரு டெஸ்ட் சொல்றேன், வண்டியோட ஒரு சக்கரத்த பிளாட்ஃபார்ம் விளிம்புல ஏத்தி நிறுத்திட்டு எல்லா ஷட்டரயும் தொறந்து மூடச் சொல்லுங்க, ஒரு கையால வழுக்கிக்கிட்டு போனா கட்டுனவருக்கு வேல தெரியும்.

டேங்குக்கு போட்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் 304 ரகமா 316ஆன்னு கேளுங்க. நம்ம ஊர்ல கெடச்ச எடத்துல நிரப்பறாங்க, போர் தண்ணி பாதி எடத்துல உப்பு, 304ல வெல்டு ஓரமா புள்ளி புள்ளியா அரிக்கும். 316ல மாலிப்டினம் கலந்திருக்கறதால அது இன்னும் நல்லா தாங்கும்.

மீனம்பாக்கம்ரன்வே:

நான் ஏர்போர்ட் வண்டிங்க பக்கம். கிராஷ் டெண்டருக்கு (ஏர்போர்ட் தீயணைப்பு வண்டி) ஐகாவோ, அதாவது சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு, போட்ட கைடுலயே நம்பர் இருக்கு, 4500 லிட்டருக்கு மேல தண்ணி தூக்கற வண்டி 40 செகண்டுக்குள்ள 80 கிலோமீட்டர் வேகம் புடிக்கணும், ஃபுல் லோடோட பக்கவாட்டுல 28 டிகிரி சாய்ச்சாலும் கவிழாம நிக்கணும். சிட்டி வண்டிக்கும் அந்த சாய்வு டெஸ்ட் ரிசல்ட்ட வாங்கும்போதே வாங்கிப் பாக்கணும்னு ஆசப்படறேன். கத்திப்பாராவுல லூப் எடுக்கறப்ப டேங்க் பாதி காலியா இருந்தா தண்ணி மொத்தமா ஒரு பக்கம் சாயும், உள்ள தடுப்புத் தகடு எத்தன இருக்குங்கறது வெளிய யாருக்கும் தெரியாது, ஆனா கவிழறதும் கவிழாததும் அதுலதான் இருக்கு.

ரிட்டயர்டு_பம்ப்ஆபரேட்டர்:

தம்பி, நல்ல கேள்வி கேட்டீங்க, படிக்க சந்தோஷமா இருக்கு. பாடி பத்தி அவரு சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல, நான் பம்ப் பக்கம் நின்னவன், அங்கேர்ந்து சொல்றேன்.

ஷட்டர் நல்ல மாத்தம். சவுகார்பேட்டை தங்கசாலை தெரு சந்துக்குள்ள வண்டி போனா ரெண்டு பக்கமும் சுவரு, பழைய வண்டியில வெளிய தொறக்கற கதவு பாதிதான் தொறக்கும், கைய உள்ள விட்டு ஹோஸ உருவணும், அந்த நேரத்துல அது எவ்வளவு கஷ்டம்னு நின்னவனுக்குத்தான் தெரியும். ஆனா ஷட்டர் ஓடற தடத்துல மணல் சேரும், வாரா வாரம் தொடைக்கணும்.

பம்ப் பேனல்ல என்ன பாக்கணும்னா, ராத்திரில புகைக்கு நடுவுல கேஜ் தெரியுதா, டெலிவரி வால்வு எல்லாம் நெஞ்சு உயரத்துல இருக்கா, க்ளவுஸ் போட்ட கையால திருப்ப முடியுதா. அப்புறம் ப்ரைமர். சென்ட்ரிஃப்யூகல் பம்ப் காத்த இழுக்காது, மொதல்ல சக்‌ஷன் ஹோஸ்ல இருக்கற காத்த ப்ரைமர் வெளிய எடுத்தாத்தான் தண்ணி ஏறும், கணக்குப்படி 10 மீட்டர்னாலும் நடைமுறையில 7 மீட்டர் ஆழம்தான் இழுக்கும், அதுலயும் ஒரு வாஷர் லீக் இருந்தா கெணத்தடியில நின்னுக்கிட்டு வெறும் எஞ்சின் சத்தம்தான் கேக்கும். புது வண்டி வந்தா நான் பெயிண்ட்ட பாக்கறதில்ல, டிரை வேக்குவம் டெஸ்ட் (தண்ணி இல்லாம பம்ப்ல இருக்கற காத்த மட்டும் உறிஞ்சி எடுத்து லீக் பாக்கறது) போட்டு கேஜ் முள்ளு எறங்குதான்னு பாப்பேன். ஒரு தடவ டெலிவரி எடுத்த அன்னிக்கே முள்ளு கடகடன்னு எறங்குச்சு, கட்டுனவங்களயே கூப்பிட்டு ஜாயிண்ட் மொத்தத்தயும் கழட்டி மாட்ட வெச்சோம்.

இன்னொரு கவல பிஎஸ் 6 எஞ்சின், புகை விதிக்கு ஏத்த மாதிரி வர்ற புது எஞ்சின். ஒரே எடத்துல நின்னு மணிக்கணக்கா பிடிஓவுல (வண்டி எஞ்சின்லேர்ந்தே பம்புக்கு பவர் எடுக்கற கியர்) பம்ப் ஓடுது, சைலன்சர் ஃபில்டர்ல கரி சேர்ந்தா எஞ்சின் தானா எரிச்சு க்ளீன் பண்ணப் பாக்கும், அந்த நேரம் எக்ஸாஸ்ட் சூடு பயங்கரமா இருக்கும். ஆட்ப்ளூ (புகைய சுத்தம் பண்ண ஊத்தற யூரியா கரைசல்) தீந்தா எஞ்சின் பவரயே கொறைக்கும், பவர் கொறைஞ்சா பிரஷர் கொறையும், மாடியில பிராஞ்ச் (ஹோஸ் முனையில தண்ணி பீய்ச்சற குழாய்) புடிச்சிட்டு நிக்கறவன் கதி என்ன? அமெரிக்காவுல 2012லயே எமர்ஜென்சி வண்டிக்குன்னு இதுல தளர்வு குடுத்தாங்க. நம்ம பக்கம் டீசல் மாதிரியே ஆட்ப்ளூவயும் தெனம் காலைல செக் பண்ணி லாக் புக்ல ஏத்தணும், வேற வழி இல்ல.

எழும்பூர்சைரன்:

ஐயா, அண்ணா, ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரம் நான் எதிர்பாக்கவே இல்ல. இன்னும் ஒரே ஒரு டவுட்டு, ஹார்பர் பக்கம் அவசரத்துல கடல் தண்ணியவே இழுத்து அடிச்சா புது பம்ப் தாங்குமா? டேங்க் பிளாஸ்டிக்கா இருந்தா நல்லதா?

ரிட்டயர்டு_பம்ப்ஆபரேட்டர்:

கன்மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) பம்ப்னா தாங்கும் தம்பி, லைட் அலாய்னா (அலுமினியக் கலவை) ரொம்ப நாள் தாங்காது. எதுவா இருந்தாலும் ஸ்டேஷனுக்குத் திரும்புன ஒடனே நல்ல தண்ணி விட்டு பம்ப், ப்ரைமர், ஹோஸ் ரீல் எல்லாத்தயும் அலசி ட்ரெயின் வால்வ தொறந்து விடணும். எவ்வளவு களைப்பா வந்தாலும் அத முடிச்சிட்டுத்தான் நாங்க டீ குடிக்கவே போவோம்.

அம்பத்தூர்பாடிஷாப்:

டேங்குக்கு பாலிப்ரொப்பிலீன் அருமையான சாய்ஸ் ப்ரோ, உப்பு அத ஒண்ணும் பண்ணாது, லீக் வந்தா ஹாட் ஏர் வெல்டிங்ல ஒட்டிடலாம். ஆனா அடியில தொட்டில் மாதிரி முழு சப்போர்ட் இருக்கணும், நாலு மூலையில மட்டும் தாங்குனா தொய்ஞ்சு பொளந்துக்கும். ஒவ்வொரு தடுப்புக்கும் ஆள் எறங்கற அளவு மேன்ஹோல் இருக்கான்னும் பாருங்க, இல்லன்னா சேறு வழிக்க முடியாது.