10 கேஜ் பழைய பெட்டி: 4¾ – 1⅝ – 4 என்றால் என்ன? தோட்டா நீளமும் இடிக்கிறது

பழம்பெட்டி
மினசோட்டாவில் இருக்கிறேன். பழைய தோட்டாப் பெட்டிகள் சேர்ப்பது பொழுதுபோக்கு. சென்ற வாரம் வெஸ்டர்ன் நிறுவனத்தின் சூப்பர்-எக்ஸ் 10 கேஜ் (ரவைத் துப்பாக்கியின் குழல் அளவு) பெட்டி ஒன்று கிடைத்தது. பக்கவாட்டில் 4¾ – 1⅝ – 4 என்றும், நீளம் 2⅞ அங்குலம் என்றும் அச்சாகியிருக்கிறது. 4¾ என்பது டிராம் (பழைய எடை அளவு) கணக்கில் வெடிமருந்து என்றால் 8.4 கிராம் வருகிறது. கூடவே இருந்த, நெடுக்காக வெட்டிய காட்சித் தோட்டாவில் அதில் பாதிக்குக்கூட இடம் இல்லை. நீளமும் ஒத்துவரவில்லை. 2⅞ அங்குலம் என்றால் 73 மி.மீ.; என் அளவுகோலில் 66தான். போலிப் பெட்டியா?

ஈயக்குண்டு
அச்சுப் பிழையாக இருக்கும். அந்தக் காலத்தில் சகஜம்.

குழல்மணி
பிழையும் இல்லை, போலியும் இல்லை. 4¾ என்பது உள்ளே இருக்கும் மருந்தின் எடை அன்று. அது ‘டிராம் ஈக்விவலண்ட்’. அவ்வளவு டிராம் பழங்காலக் கரும்புகை மருந்து தரும் வேகத்தை இந்தத் தோட்டா தரும் என்று பொருள். வேட்டைக்காரர்கள் டிராம் கணக்கிலேயே பழகியவர்கள். புகையில்லா மருந்து வந்த பிறகும் தொழிற்சாலைகள் அந்த எண்ணை விடவில்லை. புது மருந்து குறைந்த எடையிலேயே அதே வேலையைச் செய்வதால் இடமும் குறைவு. டிராமை அப்படியே எடையாக எடுத்துக்கொண்டு புகையில்லா மருந்தை நிறைத்தால் துப்பாக்கி வெடித்துச் சிதறும்.

1⅝ என்பது ஈய ரவையின், அதாவது உள்ளே இருக்கும் சிறு குண்டுகளின், மொத்த எடை, அவுன்ஸில்: 46 கிராம். 10 கேஜ் என்றாலே ஒரு பவுண்டு ஈயத்தில் குழலுக்குப் பொருந்தும் பத்துக் குண்டு, அதாவது குண்டுக்கு 45 கிராம். முழுக்குண்டின் எடைக்கு ரவை, பாருங்கள்! கடைசி 4 ரவை எண். அமெரிக்க எண்ணை 17இலிருந்து கழித்தால் விட்டம் அங்குலத்தில் நூறில் எத்தனை பங்கு என்று தெரியும்: 0.13 அங்குலம், 3.3 மி.மீ.

நாணல்காடு
நீளத்துக்கு நான் சொல்கிறேன். பெட்டியில் போடுவது சுட்டபின் வாய் விரிந்த கூட்டின் நீளம். நீங்கள் அளந்தது வாய் மடித்த முழுத் தோட்டா. உங்களிடம் சுட்ட கூடு இருக்கிறதா?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 12 கேஜில் 3 அங்குலத் தோட்டா துப்பாக்கியின் 2¾ அங்குலத் தோட்டா அறைக்குள் தடையில்லாமல் நுழைந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். 10 கேஜிலும் 1932இல் 3½ அங்குல மேக்னம் (வலு கூடிய தோட்டா) வந்தது, 2 அவுன்ஸ் ரவையோடு. ஆகவே எண்ணைப் பார்க்காமல் எதையும் பழைய துப்பாக்கியில் செருக வேண்டாம்.

பழம்பெட்டி
சுட்ட கூடு ஒன்று கிடைத்தது. வாய் மடிப்பைப் பென்சிலால் நிமிர்த்தி அளந்தேன்: 73. மிக்க நன்றி ஐயா. எதையும் சுடப்போவதில்லை, அலமாரிக்குத்தான். இன்னொரு கேள்வி: 8 கேஜ் பெட்டி ஒன்றும் இருக்கிறது. அதில் டிராமே இல்லை. ‘இண்டஸ்ட்ரியல்’ என்று மட்டும் இருக்கிறது.

குழல்மணி
அது வேட்டைக்கு உரியது அன்று. 1918 முதல் அமெரிக்காவில் வலசைப் பறவைகளை 10 கேஜுக்குப் பெரிய துப்பாக்கியால் சுடத் தடை (கேஜ் எண் குறைந்தால் குழல் பெரிது). அதன்பின் 8 கேஜுக்கு வேறு பிழைப்பு: சிமெண்டுச் சூளையின் உட்சுவரில் கட்டிதட்டும் படிவை ஈயக் குண்டால் சுட்டு உடைப்பது. இன்றும் செய்கிறார்கள். தனி அடுக்கில் வையுங்கள்.