தண்ணீர் லாரி எந்தக் கணக்கு? சுரங்க ஊர்களில் பார்த்ததைப் பகிருங்கள்

நிலக்கரிச் சுரங்கம் இருக்கும் ஊர்களில் வேலை பார்த்தவர்கள், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணி என்ற பெயரில் உங்கள் ஊருக்கு என்ன வந்தது, ஊர் ஜனங்கள் அதைப் பற்றி என்ன பேசினார்கள் என்று எழுதுங்கள். என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2019-இல் சமூகப்பணிப் படிப்பு முடித்த கையோடு மத்தியப் பிரதேசத்தின் சிங்ரௌலிக்குப் போனேன். அரசு, தனியார் என்று பல கம்பெனிகளின் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் அடுத்தடுத்து இருக்கிற பகுதி. அதில் ஒரு கம்பெனி செய்த சமூகப் பணிகளால் சுற்றுவட்டார ஊர்களுக்கு என்ன பயன் என்று கணக்கெடுக்கும் குழுவில் எனக்கு வேலை. தையல் பயிற்சி, மருத்துவ முகாம், தண்ணீர் லாரி, பள்ளிக்கு மேசை நாற்காலி என்று எல்லாவற்றுக்கும் வீடு வீடாகப் போய் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் கேட்டு வாங்க வேண்டும்.

மூன்றாவது நாள் ஒரு பாட்டியின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். எழுபது வயது இருக்கும். ரிஹந்த் அணைக்காகச் சிறுமியாக இருந்தபோதே ஊரை விட்டு வந்தவர். அப்புறம் சுரங்கத்துக்காக இன்னொரு முறை வீடு மாறியிருக்கிறார். எனக்குத் தண்ணீர் மொண்டு தர, குடத்தை மூடியிருந்த துணியை எடுத்தார். காலையில்தான் துவைத்துப் போட்டதாம். உள்பக்கம் வெள்ளை, மேல்பக்கம் அடுப்புக்கரியைத் தேய்த்ததுபோல் இருந்தது. இரண்டு மணி சுமாருக்குச் சுரங்கத்தில் வெடி வைத்தார்கள். தட்டில் அடுக்கியிருந்த டம்ளர்கள் கிணுகிணுவென்று நடுங்கின. அவர் பேச்சைக்கூட நிறுத்தவில்லை.

தண்ணீர் லாரிக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டேன். கூட வந்த உள்ளூர்ப் பையன் அதை அவர்கள் பேச்சில் எடுத்துச் சொன்னான். "முதலில் கொல்லைக் கிணற்றைப் பார்த்துவிட்டு வா மகனே" என்றார். போய்ப் பார்த்தேன். உறை இருந்தது, கயிறு தேய்த்த தடம்கூட இருந்தது, தண்ணீர் மட்டும் இல்லை. சுரங்கம் ஆழமாகப் போகப் போக நிலத்தடி நீர் அந்தப் பள்ளத்தை நோக்கி வடியும், பக்கத்துக் கிணறுகள் வற்றும். திரும்பி வந்ததும் சொன்னார்: "கிணறு போனதால்தான் லாரி வருகிறது. இதற்கு நான் என்ன மதிப்பெண் போடுவது?"

படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். அலுவலகத்தில் அதை 'பதில் இல்லை' என்று நிரப்பினார்கள். அவர் பதில் சொன்னார். இன்றுவரை எனக்கு உறுத்துவது இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி, அதன் வரம்புக்குள் வரும் கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். வேறு சட்டங்களின்படி ஏற்கெனவே செய்தே ஆக வேண்டியதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று 2021 விதித் திருத்தம் வெளிப்படையாகவே சொல்கிறது. நிலத்துக்கான இழப்பீடும் மறுகுடியமர்வும் சட்டப்படி கொடுத்தே தீர வேண்டியவை. இது போக 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒன்று இருக்கிறது. கனிமம் எடுப்பதற்காக அரசுக்குக் கட்டும் ராயல்டிக்கு மேல், அந்த ராயல்டியில் 30 சதவீத அளவுக்குப் பழைய குத்தகைகளும், 10 சதவீத அளவுக்கு ஏலத்தில் விடப்பட்டவையும் அதற்குக் கட்ட வேண்டும். அந்தப் பணமும் பாதிக்கப்பட்ட மக்களுக்குத்தான். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் "எல்லாம் கம்பெனி கொடுத்தது" என்பார்கள். எது பாக்கி, எது கொடை என்று அவர்களிடம் யாரும் பிரித்துச் சொன்னதே இல்லை. படிவம் தயாரித்த நாங்களும் சொல்லவில்லை. இப்போது இந்த வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: படிவத்தின் முதல் கேள்வியே "உங்களுக்குச் சேர வேண்டியது முழுதாக வந்துவிட்டதா?" என்று இருக்கட்டும்.

மறுமொழி: கோர்பாவில் இருந்தவன்

நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவன். சத்தீஸ்கரின் கோர்பா பகுதியில் ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். பிரிவில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். நீங்கள் எழுதியது சரி, ஆனால் எங்கள் கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். எந்தக் கூட்டம் போட்டாலும் இளைஞர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: வேலை. அது எங்கள் பிரிவின் கையில் இல்லை. நிலம் கொடுத்தவர் வீட்டுக்கு வேலை என்பது வேறு கோப்பு, வேறு அதிகாரி. எங்களால் கொடுக்க முடிந்தது பயிற்சிதான். அதனால் தையலும் கம்ப்யூட்டரும் கொடுத்தோம். ஒரு கிராமத்தில் பதினெட்டுப் பெண்கள் ஆறு மாதம் நன்றாகவே தைக்கக் கற்றார்கள். யாருக்குத் தைப்பது? கடைவீதியில் ரெடிமேட் அதைவிட மலிவு. இரண்டு வருடம் கழித்துப் போனபோது மூன்று மெஷின்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றின்மேல் நெல் மூட்டை இருந்தது.

கம்பெனி இயங்கும் இடத்துக்கும் அதன் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மாவட்டத் தலைநகரில் பூங்காவுக்கும் அலங்கார விளக்குக்கும் கேட்டுக் கடிதம் வரும்போது அதை எடுத்துச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், எல்லா முறையும் ஜெயித்ததில்லை. மார்ச் மாதம் வந்துவிட்டால் செலவு காட்டியாக வேண்டிய நெருக்கடி வேறு. அவசரத்தில் எது சீக்கிரம் முடியுமோ அதுதான் நடக்கும், அதாவது கட்டடம். டாக்டரே வராத சுகாதார நிலையம் ஒன்றுக்கு நானே கோப்பு எழுதிக் கொடுத்தேன். அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

உருப்படியாக நடந்தது ஒன்று உண்டு. ஒரு பஞ்சாயத்தில் பெண்கள் சேர்ந்து வந்து, "எங்களுக்கு மண்டபம் வேண்டாம், பிள்ளைகள் மேல்நிலைப் பள்ளிக்குப் போக பஸ் விடுங்கள்" என்றார்கள். விட்டோம். நான் அங்கிருந்து கிளம்பும்வரை ஒருநாள்கூட அந்த பஸ் காலியாக ஓடிப் பார்த்ததில்லை. ஊரைக் கேட்டுச் செய்ததால் அது நிலைத்தது.

மறுமொழி: விருத்தாசலத்துக்காரி

எங்கள் பக்கம் பழுப்பு நிலக்கரி. நெய்வேலி பூமிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற ஊற்று நீரை ராப்பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அங்கே சுரங்கம் வெட்ட முடியும். அந்தத் தண்ணீர் வாய்க்காலில் வந்து வாலாஜா ஏரி, பெருமாள் ஏரிப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கிறது. அதை நம்பி நெல் போடுகிறவர்கள் நிறையப் பேர்.

போன தை மாதம் என் பெரியப்பாவோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். "சுரங்கத்துத் தண்ணி வரலைன்னா இங்க ஒண்ணும் இல்லை, இல்ல பெரியப்பா?" என்றேன். அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். "சுரங்கத்துத் தண்ணின்னு சொல்லாத தாயீ. நம்ம நெலத்துக்கு அடியில கெடந்த தண்ணி. அவங்க எறைச்சு விடுறாங்க, அவ்வளவுதான்" என்றார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. அடுத்த வயல்காரரின் முறை வந்துவிட்டது என்று குனிந்து மடையை அடைக்கப் போய்விட்டார்.