ராணி செத்த பெட்டியில் ஒரே அறையில் நான்கு முட்டை, இதிலிருந்து புது ராணி வருமா?

வணக்கம். மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் ஐந்து பெட்டி நாட்டுத் தேனீ வைத்திருக்கிறேன், எல்லாமே ஒரே கூட்டத்திலிருந்து பிரித்தவை. நாலு வாரத்துக்கு முன் அடை உள்ள மரச்சட்டத்தைத் திரும்ப வைக்கும்போது ஒரு பெட்டியில் ராணி நசுங்கிச் செத்துவிட்டது. இருக்கிற முட்டையிலிருந்து புது ராணியை வளர்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். நேற்று திறந்தால் ராணியைக் காணோம், ஆனால் அறைக்கு மூன்று, நான்கு முட்டை, பாதி பக்கச் சுவரில் ஒட்டிக் கிடக்கிறது. இதை நம்பிக் காத்திருக்கலாமா?

பதில் 1
காத்திருக்காதீர்கள் தம்பி. அது பணித் தேனீ இட்ட முட்டை. ராணி அறையின் அடியில் நடுவாக ஒன்றே ஒன்று வைக்கும். பணித் தேனீக்கு வயிறு அவ்வளவு தூரம் எட்டாது, அதனால்தான் சுவரில் ஒட்டுகிறது. இத்தாலியத் தேனீயைவிட நம் தேனீ இந்த நிலைக்குச் சீக்கிரமே வந்துவிடும். கொஞ்ச நாளில் அந்த அறைகளின் மூடி கூம்பாகப் புடைத்து, உச்சியில் ஊசியால் குத்தியதுபோல் ஓட்டை தெரியும், அத்தனையும் ஆண். அடையின் கீழ் விளிம்பில் ராணி அறை இருந்ததா? நுனி வட்டமாகத் திறந்திருந்தால் ராணி பிறந்திருக்கிறது, சேர்க்கைக்குப் பறந்தபோது கரிச்சான் கொத்தியிருக்கலாம். எனக்கே இரண்டு முறை அப்படிப் போயிருக்கிறது.

பதில் 2
காரணம் இதுதான்: பணித் தேனீ ஆணோடு சேர்வதில்லை, அதன் முட்டையில் தாயின் 16 குரோமோசோம் மட்டுமே இருக்கும், அதிலிருந்து ஆண்தான் வரும். ராணியோ பணித் தேனீயோ ஆக 32 வேண்டும். கருவுறாத முட்டையிலிருந்துதான் ஆண் தேனீ பிறக்கிறது என்று 1845லேயே ட்சியர்சோன் என்ற பாதிரியார் எழுதிவிட்டார். தென்னாப்பிரிக்காவின் கேப் தேனீ மட்டும் விதிவிலக்கு, அதில் பணித் தேனீயின் முட்டையிலிருந்தே பெண் பிறக்கும், ராணிகூட வரும். நம்முடையதில் அதை எதிர்பார்க்க முடியாது.

கேள்வி கேட்டவர்
சரி, அப்போது என் இன்னொரு பெட்டியிலிருந்து முட்டைச் சட்டம் ஒன்று எடுத்து வைத்தால் போதுமா?

பதில் 2
வைக்கலாம், ஆனால் ஐந்தும் ஒரே குடும்பம் என்கிறீர்களே, அதுதான் இடிக்கிறது. பாலினத்தைத் தீர்மானிக்கும் மரபணு தாய்வழியும் தந்தைவழியும் ஒரே வகையாக வந்துவிட்டால், கருவுற்ற முட்டைகூட ஆணாகிவிடும். அந்தப் புழுக்களைப் பணித் தேனீக்களே தின்றுவிடுவதால் மூடிய அடையில் அங்கங்கே ஓட்டை ஓட்டையாக இருக்கும், கூட்டம் பெருகாது. உறவில்லாத கூட்டத்திலிருந்து எடுப்பதே நல்லது.

பதில் 1
ஆமாம், பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். முட்டையும் அன்று பொரித்த பொடிப்புழுவும் உள்ள சட்டமாக இருக்க வேண்டும், பெரிய புழு உதவாது. வாங்குமுன் புழுக்கள் பைபோல் ஊதியிருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள், 1991-92ல் தாய்லாந்து சாக்புரூட் என்ற புழு நோய் வந்தபோது இந்தப் பக்கம் பெட்டி பெட்டியாகக் காலியானதைக் கண்ணால் பார்த்தவன் நான். முதல் சட்டத்தில் ராணி அறை கட்டாவிட்டால் ஒரு வாரம் கழித்து இன்னொன்று வையுங்கள். அதற்கும் கட்டவில்லை, ஈயும் இரண்டு சட்டத்துக்குக் குறைந்துவிட்டது என்றால், நடுவில் செய்தித்தாள் விரித்து ராணியுள்ள பெட்டியோடு சேர்த்துவிடுங்கள்.