கைத்தடி கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறது

கேள்வி:
வயது 68. இடது முழங்கால் தேய்மானம். டாக்டர் சொல்லி கைத்தடி வாங்கியாயிற்று, கதவுக்குப் பின்னால் நிற்கிறது. வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடப்பேன், வெளியே போனால் மட்டும் நிமிர்ந்து, சிரித்துக்கொண்டு, ஒன்றுமே இல்லாத மாதிரி. "உங்களுக்கு வயசே ஆகாதா?" என்று யாராவது கேட்டால் அன்றைக்கெல்லாம் குஷி, ராத்திரி வலி. போன வாரம் ஒரு கல்யாணத்தில் எல்லோரும் நின்று பேசும்போது நான் மட்டும் உட்கார வெட்கப்பட்டு ஒரு மணி நேரம் நின்றேன், மறுநாள் கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. மனைவியிடம் கால் பிசகிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் மட்டும்தான் இப்படியா?

பதில் 1:
இல்லை சார், எனக்குக் காது. வயதானால் கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும், அதனால் சத்தம் கேட்கும், சொல் பிடிபடாது. மெஷின் மாட்ட மனசு வராமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் தோழி தன் அண்ணன் இறந்துபோனதைச் சொல்கிறாள், நான் "ரொம்ப சந்தோஷம்" என்றேன். அவள் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மறுவாரமே மாட்டிவிட்டேன்.

பதில் 2:
பிசியோதெரபிஸ்டாகச் சொல்கிறேன். இடது முழங்கால் என்றால் தடி வலது கையில். இதைத்தான் பாதிப் பேர் மாற்றிப் பிடிக்கிறார்கள். செருப்போடு நின்று கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரவேண்டும். தடியும் வலிக்கிற காலும் சேர்ந்து முன்னே போகணும். அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள், வழுக்கும். அப்புறம், சுவர் எல்லா இடத்திலும் இருக்காது.

பதில் 3:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். எனக்குக் கை நடுக்கம், எல்லோரிடமும் வெளிப்படையாகச் சொன்னேன். இப்போது போகிற வீட்டிலெல்லாம் "அப்பாவுக்குச் சர்க்கரை போடலாமா?" என்று என் மகனிடம் கேட்கிறார்கள், நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் பயப்படுவதும் இதற்குத்தான், அதை வீண் ஜம்பம் என்று நான் சொல்ல மாட்டேன். ஊருக்கெல்லாம் விளக்கம் வேண்டாம், வீட்டம்மாவிடம் மட்டும் மறைக்காதீர்கள். விழுந்தால் தூக்கப்போவது அவர்தான்.

கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி. இத்தனை நாள் இடது கையில்தான் பிடித்துப் பார்த்திருக்கிறேன்! நேற்று ராத்திரி மனைவியிடம் சொன்னேன். "சுவரெல்லாம் கை அழுக்கு, மாசாமாசம் துடைக்கிறேனே, யாரோடதுன்னு நினைச்சீங்க?" என்றாள்.