டைனர் பான்கேக் வீட்டுத் தோசைக்கல்லில் ஏன் உப்ப மாட்டேன் என்கிறது?

பாளைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். சமையல் பக்கத்தில் நான் வாசித்துவிட்டு ஓடிவிடுகிற ஆள். கேள்வி கேட்பது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூஜெர்சியில் இருக்கிறோம். சனிக்கிழமை காலை மகளுக்கு நீச்சல் வகுப்பு, எட்டரைக்கு முடியும். முடிந்ததும் ஈரத்தலையோடு நேரே டைனர்தான் (இங்கத்துச் சாதாரணச் சாப்பாட்டுக் கடை). வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். வெளியே எவர்சில்வர் பளபளப்பு, உள்ளே சிவப்பு ரெக்ஸின் இருக்கைகள். ஒரு இருக்கையின் கிழிசலை அதே நிற டேப்பால் ஒட்டியிருப்பார்கள், மகளுக்கு அதில் உட்கார்ந்தால்தான் ஆகும். இந்த மாநிலத்து டைனர்கள் பலவற்றைப் போல இதையும் ஒரு கிரேக்கக் குடும்பம்தான் நடத்துகிறது. மெனு பன்னிரண்டு பக்கம். நாங்கள் அதைத் திறந்தே பல மாதம் இருக்கும். பரிமாறுகிற அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் “ஷார்ட் ஸ்டாக் ஒன்று, சில்வர் டாலர் ஒன்று” என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, கேட்காமலே காபியை ஊற்றிவிடுவார். கோப்பை பாதிக்குக் கீழே இறங்கினால் மறுபடி நிரப்புவார், அதற்குத் தனிக் காசு கிடையாது. (ஷார்ட் ஸ்டாக் என்றால் முழு அடுக்கைவிடச் சின்னது, எங்கள் கடையில் இரண்டு பான்கேக். சில்வர் டாலர் என்பது பழைய நாணயத்தின் பெயரில் குட்டிக் குட்டியாகச் சுட்டது.)

அந்தப் பான்கேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு விரல் கனம். மேலே ஐஸ்கிரீம் கரண்டியில் அள்ளிவைத்த வெண்ணெய் ஒரு பக்கமாகச் சரிந்து உருகிக்கொண்டிருக்கும். முள்கரண்டியால் அழுத்தினால் அமுங்கி, எடுத்ததும் எழுந்துவிடும். பிட்டுப் பார்த்தால் இட்லி மாதிரி உள்ளே துளைத் துளையாக இருக்கும். மாவில் இனிப்பு கம்மிதான், லேசான புளிப்பும் உப்பும் தெரியும். இனிப்பெல்லாம் மேலே ஊற்றுகிற சிரப்பின் வேலை.

சரி, இதென்ன பெரிய வித்தை, இருபது வருடமாகத் தோசை சுடுகிறோமே என்று வீட்டில் இறங்கினேன். நம் வழக்கப்படி முந்தின நாள் இரவே மாவு கரைத்தேன்: மைதா, சர்க்கரை, முட்டை, உருக்கிய வெண்ணெய், பேக்கிங் சோடா, வீட்டுத் தயிரைக் கடைந்த மோர். ஒரு கட்டி இல்லாமல் அடித்துத் தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவந்தேன். காலையில் இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து, பாதி வெங்காயத்தால் எண்ணெய் தேய்த்து, ஒரு கரண்டி ஊற்றினேன். கை சும்மா இருக்குமா? அதுபாட்டுக்கு வட்டமாக இழுத்துவிட்டது.

வெளியே கருகல், உள்ளே பச்சை மாவு, மென்றால் ரப்பர். மகள் முகர்ந்து பார்த்துவிட்டு, “அப்பா, ஊத்தப்ப வாசனை வருது” என்றாள். மூன்று வாரமாக இதே கதை. மனைவி இப்போதெல்லாம் சிரிப்பை அடக்கக்கூட முயற்சி செய்வதில்லை.

இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டுக்கு வாங்கிய சிரப்பில் கடை ருசி இல்லை. டைனரில் நான் கேட்கிற சிரப்பை ஒரு சின்னக் குடுவையில், கூடுதல் காசுக்குத்தான் தருகிறார்கள். அப்புறம் ஜூனில் அம்மா வருகிறார். முட்டை தொடமாட்டார். அவரை அந்தக் கடைக்கு ஒருநாள் கூட்டிப்போக ஆசை. என்ன வாங்கிக் கொடுக்கலாம்?

அதிகாலை ஷிப்ட்

பாளைக்காரரே, படிக்கிற காலத்தில் பல்கலைக்கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்றரை வருடம் காலை ஐந்து மணி வேலை பார்த்தவன் நான். பான்கேக் கல்தான் என் இடம். நீங்கள் செய்தது எல்லாமே தோசைக்குச் சரி. பான்கேக்குக்கு அத்தனையும் தப்பு.

முதல் தப்பு இரவே கரைத்தது. இட்லி மாவு பொங்குவது நுண்ணுயிர் வேலை, அது விடிய விடிய நடக்கும். சோடா அப்படியில்லை. மோரின் புளிப்பு பட்ட நிமிடமே நுரைத்து வாயுவை விட்டுவிடும். நீங்கள் தூங்கும்போதே உங்கள் பான்கேக் உப்பி முடிந்து ஓய்ந்துவிட்டது. கூடவே பேக்கிங் பவுடரும் போடுங்கள். இங்கே கிடைப்பது பெரும்பாலும் இரண்டு தடவை வேலை செய்கிற ரகம், ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு பட்டதும் மீதி. அந்த இரண்டாவது பொங்கல்தான் கல்லில் தூக்கிக் கொடுக்கும்.

இரண்டாவது, அடித்தது. பரோட்டா மாஸ்டர் மைதாவை அந்த அடி அடிப்பது எதற்கு? இழுவை வரத்தானே? அதையே நீங்கள் விஸ்க்கால் (மாவடிக்கிற கம்பி மத்து) செய்திருக்கிறீர்கள். ஈரப்பொருளைத் தனியாக, உலர்ந்ததைத் தனியாகக் கலந்து, இரண்டையும் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு தடவை மரக்கரண்டியால் புரட்டினால் போதும். சுண்டைக்காய் அளவுக் கட்டிகள் நிற்க வேண்டும். எனக்கும் முதல் வாரம் கை பொறுக்கவில்லை. கட்டியைப் பார்த்தால் உடைக்கச் சொல்கிற வளர்ப்பு நம்முடையது. தலைமைச் சமையல்காரர் என் கையிலிருந்த விஸ்க்கைப் பிடுங்கி அலமாரி மேலே வைத்துவிட்டார்.

அளவு: இரண்டு கப் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சோடா, இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டு கப் பட்டர்மில்க், இரண்டு முட்டை, கால் கப் உருக்கிய வெண்ணெய். பட்டர்மில்க் என்றதும் நம் மோரை நினைக்காதீர்கள். இங்கே அட்டைப்பெட்டியில் வருவது பாலைப் புளிக்கவைத்துச் செய்த கெட்டிச் சமாச்சாரம். இல்லையென்றால் முக்கால் பங்கு தயிரில் கால் பங்கு பால் ஊற்றிக் கலக்குங்கள். கரண்டியிலிருந்து ஓடக் கூடாது, சோம்பேறித்தனமாக விழ வேண்டும். பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, திரும்பக் கிளறாமல் ஊற்றுங்கள்.

கல் சூடு எங்களுக்கு 375 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 190 செல்சியஸ். தோசைக்கு அதைவிட அதிகமாகவே காயவைப்போம். மாவில் சர்க்கரை இருப்பதால் அந்தச் சூட்டில் மேல்தோல் கறுத்துவிடும், உள்ளே வேகாது. ஊற்றியதும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இழுக்கக் கூடாது, அதுவே பரவிக்கொள்ளும். மேலே குமிழி வந்து உடைந்து துளை மூடாமல் நின்றால், ஓரமும் பளபளப்பு போய் மங்கினால், ஒரே ஒரு தடவை திருப்புங்கள். திருப்பியபின் தோசைத்திருப்பியால் அழுத்தினீர்களோ, அத்தனை காற்றும் போச்சு.

வெங்காயத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அம்மா விஷயம்: டைனர் பான்கேக் மாவில் பெரும்பாலும் முட்டை உண்டு. பிரெஞ்சு டோஸ்ட் முட்டையில் தோய்த்ததுதான். வாஃபிளிலும் இருக்கும். அதோடு பேக்கன் (பன்றி இறைச்சி) பொரிக்கிற அதே கல்லில்தான் பல இடங்களில் பான்கேக்கும் சுடுவார்கள். நாங்களும் சுரண்டிவிட்டு அடுத்ததை ஊற்றியவர்கள்தான். அம்மாவிடம் மறைக்காதீர்கள். ஓட்ஸ் கஞ்சி, பழம், டோஸ்ட் வாங்கிக் கொடுத்துவிட்டு, முட்டையில்லாத பான்கேக்கை வீட்டில் சுட்டுக் கொடுங்கள். முட்டைக்குப் பதில் ஒரு கனிந்த வாழைப்பழத்தை மசித்துப் போட்டால் பிடிமானம் வரும்.

தாவடியான், ரொறன்ரோ

பான்கேக் சுடுறதைப் பற்றி முந்தினவர் வடிவாகச் சொல்லிவிட்டார். நான் பாணியை, அதாவது சிரப்பைப் பற்றிச் சொல்லுறன்.

உங்கட வீட்டுப் போத்தலைத் திருப்பிப் பாருங்கோ. ‘பான்கேக் சிரப்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் சோளச் சிரப்பில் நிறமும் வாசமும் கலந்தது. அந்தப் போத்தலுக்கும் மேப்பிள் மரத்துக்கும் அநேகமாக ஒரு உறவும் இல்லை. ‘மேப்பிள் சிரப்’ என்றால் பொருள் பட்டியலில் அது ஒன்று மட்டும்தான் நிற்கும். கடையில் கூடக் காசு கேட்கிறதும் அதற்குத்தான்.

விலை ஏன் என்று ஒருமுறை கியூபெக்கில் ஒரு தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தபோது விளங்கியது. பனிக்காலம் முடியிற நேரம், இரவில் உறைந்து பகலில் உருகிற அந்தச் சில வாரங்களில்தான் மரத்தில் நீர் ஓடும். மரத்தைத் துளைத்து எடுக்கிற நீரைக் குடித்துப் பார்த்தன், பச்சைத் தண்ணி போலத்தான், இனிப்பு இருக்கோ இல்லையோ என்று யோசிக்க வேண்டும். அதில் ஏறத்தாழ 40 லீற்றரைக் காய்ச்சினால் 1 லீற்றர் சிரப். எங்கட அப்பப்பா வீட்டு வளவில் பதநீர் காய்ச்சிப் பனங்கட்டி செய்த புகையும் மணமும் அப்படியே நினைவுக்கு வந்தது. ஆனால் பதநீர் வாயில் வைத்தவுடனேயே இனிக்கும், அதற்கு இவ்வளவு விறகு போகாது.

போத்தலில் நிறத்தின்படி தரம் போட்டிருக்கும். பருவத் தொடக்கத்தில் எடுக்கிறது பொன் நிறம், மெல்லிய ருசி. பிந்தினது கறுப்பு, ருசி கனம். கருப்பட்டியில் வளர்ந்த நாக்குக்கு ‘டார்க்’ என்று போட்டதை வாங்குங்கோ. திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கோ, வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஊற்ற முதல் போத்தலைச் சுடுதண்ணிக்குள் கொஞ்ச நேரம் வைத்தெடுங்கோ. குளிர்ந்த சிரப் பான்கேக்கின் சூட்டை இறக்கிப்போடும்.

குடந்தை மாமி

ஏன் தம்பி இத்தனை அவஸ்தை? கோதுமை மாவில் வெல்லக் கரைசலை வடிகட்டி ஊற்றி, ஒரு பிடி அரிசி மாவு, ஏலக்காய், தேங்காய்த் துருவல் போட்டுக் கரைத்து, நெய் விட்டுச் சுட்டால் வெல்ல தோசை. முட்டையும் வேண்டாம், சோடாவும் வேண்டாம், குமிழியை எண்ணவும் வேண்டாம். உங்கள் அம்மா அதைத்தான் சந்தோஷமாகச் சாப்பிடுவார். இதற்கும் கல்லை அதிகம் காயவைக்கக் கூடாது, வெல்லம் பிடித்துக்கொள்ளும். மற்றபடி அந்த டைனர் அம்மா கேட்காமலே காபி ஊற்றுகிறார் என்றீர்களே, அதற்காகவே உங்கள் அம்மாவைக் கூட்டிப்போங்கள். காபி முட்டை இல்லாததுதானே.

பாளைக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு காலை முயன்று பார்த்தேன். விஸ்க்கை மனைவியிடம் கொடுத்து ஒளித்துவைக்கச் சொன்னேன். தோசைக்கல்லுக்குப் பதில் கனமான நான்ஸ்டிக், எண்ணெயை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்தேன். முதலாவது வெளுத்துப்போனது. இரண்டாவது ஊற்றியதும் வலது கை தன்னால் சுற்றக் கிளம்பிவிட்டது, இடது கையால் பிடித்து நிறுத்தினேன், பொய்யில்லை. மூன்றாவதுதான் வந்தது. குமிழி வந்து, உடைந்து, துளை அப்படியே நின்றது. திருப்பியதும் கண்ணெதிரே ஒரு சுற்று எழும்பியது. எல்லாரையும் சமையலறைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன், பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்து.

தாவடியான் சொன்னது சரி. போத்தலைத் திருப்பினால் முதல் வரியே சோளச் சிரப். டார்க் வாங்கியாயிற்று. மகளுக்குப் பழையதுதான் பிடிக்கிறதாம், என்ன செய்ய.

மாமி, வெல்ல தோசை அம்மா வந்ததும் கட்டாயம் உண்டு.

நேற்று டைனரில் அந்த அம்மாவிடம் பெருமையாக விஷயத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார், தலையாட்டினார். முதல் தடவை கல்லை எதனால் தேய்த்தாய் என்று கேட்டார். சொன்னேன். காபிக் கூஜாவை மேஜையில் வைத்துவிட்டு, உள்ளே திரும்பி, கடை மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி “வெங்காயமாம்!” என்று கத்தினார்.