எச்ஆர் ராஜினாமா கடிதம் நீட்டுது, சைன் பண்ணா எஸ்ஐபி (வேலை இழப்புக் காப்புறுதி) காசு கிடைக்குமா? (பிறை, பினாங்கு, மலேசியா)

பிறை_தம்பி · பிப்ரவரி 2025

வணக்கம். அக்காவுக்காகக் கேக்கிறேன், அவங்களுக்கு போன்ல இவ்வளவு டைப் பண்ண வராது.

அக்காவுக்கு 46 வயசு. பிறை தொழிற்பேட்டையில ஒரு பெக்டரியில ஸ்டோர் வேலை, 11 வருஷம் முடிஞ்சிருச்சு. சம்பளம் 2,800 வெள்ளி (ரிங்கிட்). ஓவர்டைம் ரொம்ப நாளாவே இல்ல. போன வாரம் எச்ஆர் கூப்பிட்டு, "ஓர்டர் இல்ல, ரெண்டு ஸ்டோரையும் ஒண்ணாக்கப் போறோம், உங்களுக்கு இடமில்ல"ன்னு சொல்லி ஒரு தாளை முன்னால வெச்சிருக்காங்க. அதுல அக்கா பேரு, ஐசி (அடையாள அட்டை) நம்பர் எல்லாம் ஏற்கனவே அடிச்சு ரெடியா இருக்கு. சொந்தக் காரணத்துக்காக நானே வேலைய விட்டுப் போறேன்னு மலாய்ல மூணு வரி. கையெழுத்துக் கோடு மட்டும்தான் காலி. தேதி கூட அவங்களே போட்டுட்டாங்க.

சைன் பண்ணா ரெண்டு மாசச் சம்பளம் "உதவியா" தருவாங்களாம். பண்ணலைன்னா ரெக்கார்டு கெட்டுப்போகும், வேற கம்பெனி எடுக்காதுன்னு ஒரு பேச்சு. மார்ச் கடைசியோட வேலை முடியுதாம். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்.

சைன் பண்ணிட்டா சொக்சோவோட (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) எஸ்ஐபி காசு வருமா? இன்னொண்ணு, சொக்சோ போர்ட்டல்ல பாத்தா போன வருஷம் ஏப்ரல்லேருந்து ஜூலை வரைக்கும் சந்தாவே ஏறல. ஆனா சம்பள சிலிப்புல மாசா மாசம் வெட்டியிருக்கான். மச்சானுக்கு நிரந்தர வேலை இல்ல, வீட்டுக் கடன் அக்கா சம்பளத்துலதான் ஓடுது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூரு_லோரி

சைன் பண்ணாதீங்க. விவரமா எழுதுறவங்க பின்னால வருவாங்க, அதுக்குள்ள அக்கா பேனாவைத் தொட்டுடப் போறாங்க.

ரெலாவ்_பையன்

ஏன் அண்ணே? சைன் பண்ணி ரெண்டு மாசக் காசை வாங்கிட்டு, அப்புறம் சொக்சோவுல போய் கட்டாயப்படுத்துனாங்கன்னு சொன்னா போதுமே. என் சித்தப்பா மகனுக்கு கான்ட்ராக்ட் முடிஞ்சப்பவே காசு கிடைச்சுது.

பழைய_எச்ஆர்

ரெலாவ் தம்பி சொன்னதைக் கேட்காதீர்கள். கான்ட்ராக்ட் காலம் முடிந்து வேலை போனால் எஸ்ஐபி கிடையாது. சித்தப்பா மகனைக் கான்ட்ராக்ட் முடியும் முன்பே அனுப்பியிருப்பார்கள், அது வேறு கணக்கு.

பிறை தம்பி, நான் பாயான் லெப்பாஸில் எச்ஆர் வேலையிலேயே தலை நரைத்தவன். அந்த மாதிரித் தாளை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், அக்காவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

எஸ்ஐபி 2017-ஆம் ஆண்டின் 800-ஆவது சட்டம், 2018 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலையை இழந்தவருக்குத்தான் அதில் காசு, வேலையை விட்டவருக்கு இல்லை. ஆட்குறைப்பு, கம்பெனி மூடல், விஎஸ்எஸ் (இழப்பீடு வாங்கிக்கொண்டு விருப்ப விலகல்), எம்எஸ்எஸ் (இழப்பீட்டோடு இரு தரப்பும் ஒத்துக்கொண்ட விலகல்) இப்படிப் போனவர்களுக்கு உண்டு. பாலியல் தொல்லையாலோ மிரட்டலாலோ விலகியவர்களுக்கும், தன் வேலையில் சேராத ஆபத்தான வேலையைச் செய்யச் சொன்னதால் விலகியவர்களுக்கும் உண்டு. தானாகக் கொடுத்த ராஜினாமா, ஒழுங்கீனத்துக்காக நீக்கம், பணி ஓய்வு, எந்த நிபந்தனையும் இல்லாமல் இரு தரப்பும் பேசிப் பிரிந்தது, இவற்றுக்கு இல்லை. சொந்தக் காரணம் என்று அடித்த தாளில் அக்கா கையெழுத்துப் போட்டால் நேராக இந்த இரண்டாவது வரிசையில் போய் நிற்பார்.

கட்டாயப்படுத்தி வாங்கிய ராஜினாமா வேலைநீக்கத்துக்குச் சமம், அது உண்மைதான். ஆனால் கட்டாயப்படுத்தினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் கையெழுத்துப் போட்டவர் தலையில் விழும். அறைக்குள் நடந்த பேச்சுக்கு யார் சாட்சி? எச்ஆர் மேலாளரா வந்து சொல்வார்?

இப்போது அந்த இரண்டு மாதச் சம்பளத்துக்கு வருகிறேன். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவரை ஆட்குறைப்பில் அனுப்பினால், 1955 வேலைச் சட்டப்படி குறைந்தது 8 வார நோட்டீஸ் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கான சம்பளம். அதைத்தான் உதவி என்று பேர் மாற்றி நீட்டுகிறார்கள். அதற்கு மேல் ஆட்குறைப்பு இழப்பீடு தனியாக இருக்கிறது. 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி இரண்டு வருடத்துக்குள் என்றால் வருடத்துக்கு 10 நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருடம் என்றால் 15 நாள், ஐந்துக்கு மேல் 20 நாள். மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்குள் இருப்பவர்களுக்கு இது சட்டப்படி சேர வேண்டியது. அக்காவுக்கு 11 வருடம், ஆக 220 நாள். 2,800 வெள்ளியை 12 மாதத்துக்குப் பெருக்கி 365 நாளால் வகுத்தால்கூட நாளுக்கு 92 வெள்ளி வரும். மொத்தம் 20,000 வெள்ளிக்கு மேல். 5,600 கொடுத்து 20,000-ஐ அமுக்கப் பார்க்கிறார்கள். கையெழுத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்று இப்போது புரிகிறதா?

ரெக்கார்டு கெட்டுப்போகும் என்பது சும்மா பூச்சாண்டி. ஆட்குறைப்புக் கடிதத்தோடு வந்த எத்தனையோ பேரை நானே வேலைக்கு எடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். அந்த ஸ்டோரில் இதே வேலையை வெளிநாட்டுத் தொழிலாளர் யாராவது செய்கிறார்களா? ஆட்குறைப்பு என்றால் அதே வேலையில் இருக்கும் வெளிநாட்டவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும், வேலைச் சட்டம் 60என் பிரிவு. பிறையில் இந்தக் கேள்வியைக் கேட்டாலே பல எச்ஆர் ஆட்கள் குரல் இறங்கிவிடும்.

வெள்ளிக்கிழமை அக்கா சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "நான் வேலைய விடல. நீங்க நிறுத்துறதா இருந்தா கடிதம் குடுங்க." அன்று என்ன பேசினார்கள், யார் யார் இருந்தார்கள் என்று வீட்டுக்கு வந்ததும் எழுதி, உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும்.

பிறை_தம்பி

ரொம்ப நன்றி ஐயா. 20 ஆயிரம்னு படிச்சதும் அக்கா கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அந்த நாலு மாசம் ஏறாத சந்தா? அதனால எஸ்ஐபி அடிபடுமா?

பழைய_எச்ஆர்

முதல் தடவை விண்ணப்பிக்கிறவருக்கு, வேலை போவதற்கு முந்தின 24 மாதத்தில் 12 மாதச் சந்தா இருந்தால் போதும். நாலைக் கழித்தாலும் 20 இருக்கிறது, தகுதி போகாது. ஆனால் எத்தனை மாதத்துக்குக் காசு வரும் என்பது சந்தா மாதங்களைப் பொறுத்தது, மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை. அதனால் அந்த நாலையும் விடாதீர்கள். ஊழியரிடம் வெட்டுவது 0.2 விழுக்காடு, முதலாளி போடுவது 0.2 விழுக்காடு. 2,800 சம்பளத்துக்கு அக்கா பங்கு 5 வெள்ளி 50 காசு. அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கம்பெனி கட்டியிருக்க வேண்டும். வெட்டிவிட்டுக் கட்டாமல் இருப்பது குற்றம். சிலிப்போடு சொக்சோ அலுவலகத்தில் புகார் கொடுங்கள், எஸ்ஐபி விண்ணப்பத்தை அதற்காகக் காக்க வைக்காதீர்கள்.

செபெராங்_ஜெயா_அக்கா

தம்பி, நான் எஸ்ஐபி காசு வாங்கினவ, அதனால வேலை போன பிறகு என்ன நடக்கும்னு நான் சொல்றேன்.

கடைசி வேலை நாள்லேருந்து 60 நாளைக்குள்ள விண்ணப்பம் போயிடணும். கடிதம் கைக்கு வந்த நாள் கணக்கு இல்ல, காசு செட்டில் ஆகுற நாளும் கணக்கு இல்ல. நிறைய பேர் கம்பெனிக்காரன் இழப்பீடு தரட்டும், அப்புறம் போடலாம்னு காத்திருந்து கோட்டை விடுறாங்க. ஓன்லைன்ல போடலாம், இல்ல நேரா சொக்சோ ஓப்பிஸ் போய் போடலாம். உங்க அக்கா மாதிரி ஆளுங்க நேரா போறது நல்லது, கவுண்டர்ல இருக்கிறவங்களே உக்காந்து ஏத்தி விடுவாங்க.

ஐசி, வேலை நிறுத்தின கடிதம், கடைசி ஆறு மாச சிலிப்பு, பேங்க் புத்தகம். பேங்க் கணக்கு விஷயத்துல என்னோட போனவங்க பாதிப்பேர் மாட்டுனாங்க. கணக்கு அக்கா பேர்லயே இருக்கணும், உயிரோட இருக்கணும். சம்பளக் கணக்கை மூடிட்டு மச்சான் கணக்கைக் குடுக்காதீங்க. ஒரு வருஷமா தொடாத கணக்குன்னா முதல்ல பேங்க்ல போய் எழுப்பி விடுங்க. ஐசியில இருக்கிற பேரும் பேங்க்ல இருக்கிற பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கான்னு பாருங்க. நம்ம ஆளுங்களுக்கு ஏ/பி (இன்னாரோட மகள்), ஏ/எல் (இன்னாரோட மகன்) ஒரு இடத்துல இருக்கும், இன்னொரு இடத்துல இருக்காது.

காசு எவ்வளவுன்னா, கடைசி ஆறு மாசச் சம்பளத்தோட சராசரியில முதல் மாசம் 80 விழுக்காடு, ரெண்டாவது 50, மூணும் நாலும் 40, அஞ்சும் ஆறும் 30. 2,800-ஐ அவங்க அட்டவணையில 2,750-ன்னு எடுத்துக்குவாங்க. ஆக 2,200, அப்புறம் 1,375, அப்புறம் 1,100 ரெண்டு தடவை, 825 ரெண்டு தடவை. முதல் மாசக் காசைப் பாத்து செலவைக் கூட்டிடாதீங்க, ரெண்டாவது மாசம் படக்குன்னு இறங்கும்.

சும்மா உக்காந்திருந்தா வராது. மைபியூச்சர்ஜோப்ஸ்ல (வேலை தேடுற அரசாங்கத் தளம்) பதிஞ்சு, மாசா மாசம் வேலை தேடினதைக் காட்டணும். விண்ணப்பிச்ச இடம், இன்டர்வியூ போன இடம் எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க. நடுவுல வேலை கிடைச்சா மறைக்காதீங்க. மீதி இருக்கிற காசுல 25 விழுக்காட்டை ஒரே தடவையா குடுப்பாங்க. ரெண்டு மாசம் வாங்கிட்டு அக்கா வேலைக்குப் போயிட்டா மீதி 3,850, அதுல 962 வெள்ளி 50 காசு கைக்கு வரும். மறைச்சு மாட்டினா வாங்கினதைத் திருப்பிக் கட்டணும்.

ரெலாவ்_பையன்

சரி, சித்தப்பா மகன்கிட்ட கேட்டுட்டேன். ஆமா, ரெண்டு வருஷ கான்ட்ராக்ட்ல எட்டாவது மாசமே அனுப்பிட்டாங்களாம்.

பிறை_தம்பி · ஏப்ரல் 2025

நடந்ததைச் சொல்லிடறேன். வெள்ளிக்கிழமை அக்கா சைன் பண்ணல. தாளை வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் தம்பிகிட்ட காட்டணும்னு சொன்னாங்களாம், குடுக்க மாட்டோம்னு பிடுங்கி வெச்சுட்டாங்க. போட்டோ எடுக்கவும் விடல. ஆனா நேபாளத்து ஆளுங்க ரெண்டு பேர் அதே ஸ்டோர்ல இருக்காங்களேன்னு அக்கா கேட்டதும், எச்ஆர் எழுந்து வெளிய போய் யாருக்கோ போன் பண்ணாராம். கடைசியில மார்ச் மாசம் ஆட்குறைப்புன்னு தெளிவா போட்ட கடிதமே வந்துச்சு, 8 வார நோட்டீஸ் சம்பளத்தோட.

எஸ்ஐபிக்கு நேரா போய் போட்டோம். போன வாரம் சொக்சோவுலேருந்து போன். கம்பெனி அவங்க பக்கத்துல காரணம் "ராஜினாமா"ன்னு ஏத்தியிருக்காம்! கையில கடிதம் இருக்கு, இது எப்படி?

பழைய_எச்ஆர்

கம்பெனி சொன்னதை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள், அதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆட்குறைப்புக் கடிதத்தின் நகல், நோட்டீஸ் சம்பளம் ஏறிய பேங்க் அறிக்கை, அன்று அக்கா அனுப்பிய வாட்ஸ்அப், மூன்றையும் உடனே கொண்டுபோய்க் கொடுங்கள். தானாக விலகியவருக்கு எந்தக் கம்பெனி நோட்டீஸ் சம்பளம் கொடுக்கும்? அதையே எடுத்துச் சொல்லுங்கள். கொடுத்ததற்கு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியும் மறுத்தால் மறுப்புக் கடிதம் வரும், மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கும் கெடு உண்டு.

இழப்பீடு வந்ததா? வேலை முடிந்த 7 நாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும்.

பிறை_தம்பி

வரல. தவணையா தரோம்னு வாயால சொன்னாங்க, எழுத்துல ஒண்ணும் இல்ல.

பழைய_எச்ஆர்

ஜபாத்தான் தெனாகா கெர்ஜாவில் (தொழிலாளர் துறை) புகார் போடுங்கள். செலவில்லை, வக்கீல் வேண்டாம், அவர்களே இரு தரப்பையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். வேலைநீக்கமே நியாயமில்லை, வெளிநாட்டவரை வைத்துக்கொண்டு அக்காவை அனுப்பினார்கள் என்று போராட நினைத்தால் அது வேறு வாசல். 1967 தொழில் உறவுச் சட்டம் 20-ஆவது பிரிவில், ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹாஆனில் (தொழில் உறவுத் துறை). அங்கேயும் 60 நாள்தான், மார்ச் கடைசியிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். அது வேலையைத் திரும்பக் கேட்கிற வழக்கு, இழுக்கும். அக்காவுக்கு அந்தத் தெம்பு இருக்கிறதா என்று அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிறை_தம்பி · மே 2025

எஸ்ஐபி பாஸ் ஆயிடுச்சு. 2,200 ஏறியிருக்கு. சொக்சோ ஆளு கம்பெனிக்குப் போன் பண்ணதும் "கிளார்க் தப்பா அமுக்கிட்டாங்க"ன்னு சொல்லிட்டாங்களாம். நாலு மாசச் சந்தா புகார் இன்னும் விசாரணையில. தெனாகா கெர்ஜாவுல தேதி குடுத்திருக்காங்க. 20-ஆவது பிரிவு வேணாம்னு அக்கா சொல்லிட்டாங்க, அந்த இடத்துக்குத் திரும்பிப் போக மனசில்லையாம்.

ஒரே ஒரு கேள்வி, இழப்பீடு வந்தா அதுக்கு வருமான வரி இருக்கா?

செபெராங்_ஜெயா_அக்கா

வேலை இழப்புக்குக் குடுக்கிற இழப்பீட்டுல, முடிஞ்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 10,000 வெள்ளி வரைக்கும் வரி விலக்கு. 11 வருஷத்துக்கு 110,000 ஆச்சு, உங்க அக்காவுக்குத் தொட மாட்டாங்க. நோட்டீஸ் சம்பளம் இதோட சேராது, அது தனி. வரி பாரத்துல ரெண்டையும் ஒண்ணாப் போட்டுடாதீங்க. கம்பெனிகிட்ட இஏ பாரத்தை (வரிக்கான வருஷச் சம்பள விவரத் தாள்) இப்பவே கேட்டு வாங்கி வெச்சுக்கங்க, அடுத்த வருஷம் யாரும் போனை எடுக்க மாட்டாங்க.