பெங்களூரில் குழந்தைக்கு முதல் கால்பந்து ஆட்டம்: கண்டீரவாவுக்குப் போகும் முன்

கேள்வி:

மதுரையிலிருந்து வேலை மாறி பெங்களூருக்கு வந்திருக்கிறோம். காடுகோடி பக்கம் வீடு. பையனுக்கு ஐந்து வயது, நாள் முழுக்கப் பந்தும் காலுமாகவே திரிகிறான். கண்டீரவா ஸ்டேடியத்தில் பெங்களூரு எஃப்சி ஆட்டம் ஒன்றுக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைக்கிறோம். கூட்டம், சத்தம், கன்னடம் தெரியாதது எல்லாம் சேர்ந்து கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. பிள்ளைகளோடு போய்வந்தவர்கள் சொல்லுங்களேன்.

பதில்:

தாராளமாகக் கூட்டிப்போங்கள். ஆனால் முதல் ஆட்டமே கண்டீரவாவில் வேண்டாம் என்பது என் கட்சி. அதற்கு முன்னால் ஒரு நாள் அசோக் நகரில், கருடா மாலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெங்களூர் கால்பந்து ஸ்டேடியத்துக்குப் போய்வாருங்கள். கர்நாடக மாநிலக் கால்பந்து சங்கத்தின் சூப்பர் டிவிஷன் லீக் ஆட்டங்கள் அங்கேதான் நடக்கும். வழக்கமாக மதியத்துக்கு மேல் இருக்கும், கூட்டமும் பெரிதாகச் சேராது. பந்தில் பூட்ஸ் படும் சத்தமும், கோல்கீப்பர் தன் ஆட்களைத் திட்டுவதும் காதில் தெளிவாக விழும். டிவியில் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு, இந்த விளையாட்டு எவ்வளவு வேகமானது என்பது அங்கேதான் உறைக்கும். இருபது நிமிடத்தில் சலித்துவிட்டால் எழுந்து வந்துவிடலாம். காசும் போகாது, மனமும் நோகாது.

கன்னடம் தெரியாதே என்ற கவலை அங்கே வேண்டவே வேண்டாம். கேலரியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸுக்கும் தீர்ப்புச் சொல்லும் பெரியவர்களில் பாதிப்பேர் தமிழில்தான் பேசுவார்கள். இந்த ஊர்க் கால்பந்தே கன்டோன்மென்ட், அதாவது பிரிட்டிஷ் படைகள் தங்கியிருந்த பகுதி, அந்தப் பக்கத்தில் வளர்ந்ததுதான். பிரிட்டிஷ் படைகளோடு ஆட்டம் வந்தது. அதே படைகளோடு மதராஸ் மாகாணத்திலிருந்து நம் ஆட்களும் வந்தார்கள். ஆஸ்டின் டவுன், மர்ஃபி டவுன், அல்சூரை ஒட்டிய கௌதமபுரம் எல்லாம் அப்படிப்பட்ட இடங்கள். கௌதமபுரத்தில் பிரேசில் ஆட்டக்காரர் பெலேவுக்குச் சிலையே இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பையனைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுங்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சுக்கு எதிராக, சுதந்திர இந்தியாவின் முதல் கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூர்க்காரர். அந்த அணியில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள் என்று சொல்லிப் பாருங்கள், ஐந்து வயதுக்காரன் வாயைப் பிளப்பான். அந்த ஆட்டத்தில் 2-1 என்று தோற்றதைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

சரி, கண்டீரவாவுக்கு வருவோம். எந்த ஆட்டம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மஞ்சள் சட்டைக்காரர்களான கேரளா பிளாஸ்டர்ஸ் அணி வரும் நாள் வேண்டாம். ஸ்டேடியம் பாதி மஞ்சளாகிவிடும், பதற்றமும் இருக்கும். 2023 மார்ச் 3 அன்று பிளே-ஆஃபில் பெங்களூருவின் சுனில் சேத்ரி, எதிரணி தயாராகும் முன்பே வேகமாக எடுத்த ஃப்ரீ கிக் கோலானதும், கேரள அணி ஆட்டத்தையே விட்டு வெளியேறியது இந்த மைதானத்தில்தான். பெரியவர்களுக்கு அது வாழ்நாள் கதை. ஐந்து வயதுக்காரனுக்கு எல்லோரும் ஏன் கத்துகிறார்கள் என்றே புரியாது. பட்டியலில் நடுவில் இருக்கும் ஏதோ ஒரு அணி வரும் நாளைப் பாருங்கள். 7.30 மணி ஆட்டத்தைவிட 5 மணி ஆட்டம் கிடைத்தால் விடவே விடாதீர்கள். மறுநாள் பள்ளி இருக்கிறது.

இன்னொன்று. 2025இல் ஒப்பந்தச் சிக்கலால், பெங்களூரு எஃப்சி ஆடும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) சீசன் வழக்கமான காலத்தில் தொடங்காமல் தள்ளிப்போனது. அதனால் டிக்கெட் கைக்கு வந்த பிறகு பிள்ளையிடம் சொல்லுங்கள். அதற்கு முன்னால் வாய் விட்டால் தினமும் காலையில் "இன்னைக்கா அப்பா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி மாளாது. எந்த வயதிலிருந்து குழந்தைக்குத் தனி டிக்கெட் வேண்டும் என்பதை வாங்கும்போதே படித்துவிடுங்கள். வாசலில் நின்று வாதாடும் விஷயமல்ல அது.

உட்காரும் இடம் ரொம்ப முக்கியம். வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் என்ற ரசிகர் குழு நிற்கும் பகுதியில் டிக்கெட் எடுக்காதீர்கள். 'நிற்கும்' என்று தெரிந்தே சொல்கிறேன். தொண்ணூறு நிமிடமும் டிரம் அடித்துக்கொண்டு நின்றபடியே பாடுவார்கள். அருமையான ஆட்கள். ஆனால் உங்கள் பையன் பார்க்கப்போவது முன்னால் நிற்பவரின் முதுகை மட்டும்தான். அவர்களை எதிர்ப்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ பார்ப்பதுதான் வேடிக்கை. பிள்ளைகள் பாதி நேரம் ஆட்டத்தை விட்டுவிட்டு அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கண்டீரவாவில் மைதானத்தைச் சுற்றி ஓடுதளம் இருப்பதால் கீழ் வரிசையில் உட்கார்ந்தால் பந்து எங்கோ தூரத்தில் போவதுபோல இருக்கும். கொஞ்சம் மேலே ஏறி, நடைபாதையை ஒட்டி உட்காருங்கள். கழிவறைக்கு ஓட அதுதான் வசதி. 5 மணி ஆட்டமென்றால் கிழக்குப் பக்கம் இருப்பவர்களுக்கு முதல் பாதியில் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். தொப்பி போட்டுவிடுங்கள்.

சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பயனில்லை. குழந்தைகளுக்கென்றே ஹெட்போன்போல இருக்கும் காது மூடிகளை ஆன்லைனில் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். 85 டெசிபலுக்கு மேல் நெடுநேரம் கேட்பது காதுக்குக் கேடு என்பது பொதுக் கணக்கு. கோல் விழும்போது ஒரு ஸ்டேடியம் அதைச் சுலபமாகத் தாண்டும். வீட்டிலேயே ஓரிரு நாள் போட்டுப் பழக்கிவிடுங்கள். அங்கே போய் முதன்முதலாக மாட்டினால் கழற்றி எறிந்துவிடுவான்.

தண்ணீர் பாட்டில், பவர் பேங்க், சில்லறை நாணயம் எதையும் பெரும்பாலும் உள்ளே விடமாட்டார்கள். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகும் புளியோதரையையும் நம்ப வேண்டாம். வயிறு நிறையச் சாப்பிடவைத்துவிட்டுப் போங்கள். டிசம்பர், ஜனவரி என்றால் ஸ்வெட்டர் கட்டாயம். மதுரைப் பிள்ளைக்கு இந்த ஊர் ராத்திரிக் குளிர் இன்னும் பழகியிருக்காது.

பக்கத்தில்தானே என்று அதே நாளில் கப்பன் பார்க், பால பவன், விஸ்வேஸ்வரய்யா மியூசியம் எல்லாம் சேர்த்துத் திட்டம் போடுவார்கள் சிலர். வேண்டாம். ஆட்டம் தொடங்கும்போது பிள்ளை உங்கள் தோளில் தூங்கிக்கொண்டிருக்கும்.

இடைவேளை 15 நிமிடம். மொத்த ஸ்டேடியமும் அப்போதுதான் கழிவறைக்குப் போகும். அதனால் நாற்பதாவது நிமிடத்திலேயே கூட்டிப்போய்விடுங்கள். அந்த நேரத்தில் கோல் விழுந்தால் விழட்டும்.

ஆட்டத்தை விளக்கும் வேலை உங்களுக்கு எதற்கு? ஆஃப்சைடு என்னவென்று ஐந்து வயதில் தெரிய வேண்டியதில்லை. "நீலச் சட்டை நம்ம ஆளு, அந்தப் பக்கம் கோல் போடணும்" என்பது போதும். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கெட்ட வார்த்தைகள் காதில் விழும், அதற்கும் தயாராக இருங்கள். புரியாத மொழி என்று தப்பிக்க வழியில்லை. இந்த ஊரில் பாதித் திட்டு தமிழிலேயே வரும்.

கேள்வி:

ரொம்ப நன்றி. கூட்டத்தைப் பற்றித்தான் என் மனைவிக்கு இன்னும் தயக்கம். 2025இல் நடந்ததை டிவியில் பார்த்ததிலிருந்து ஸ்டேடியம் என்றாலே பயப்படுகிறார். போக வர எப்படி?

பதில்:

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2025 ஜூன் 4 அன்று கிரிக்கெட் வெற்றிக் கொண்டாட்டத்தின்போது சின்னசாமி ஸ்டேடியம் வாசலில் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அது டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடந்ததல்ல. உள்ளே நுழைய முடியாமல் வாசல்களில் திரண்ட கூட்டத்தில் நடந்தது. வழக்கமான ஒரு ஐஎஸ்எல் ஆட்டத்துக்கு அந்த மாதிரிக் கூட்டம் வருவதில்லை. இருந்தாலும் கவனிக்கவேண்டிய இடம் வாசல்தான். ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய்விடுங்கள். வாசலில் தள்ளுமுள்ளு தெரிந்தால் ஒதுங்கி நில்லுங்கள். பத்து நிமிட ஆட்டம் போனால் போகிறது. அப்படிப்பட்ட இடத்தில் பிள்ளையைக் கையைப் பிடித்து நடத்தாமல் தூக்கிக்கொள்ளுங்கள்.

உங்களுக்குக் காடுகோடியிலிருந்து மெட்ரோவின் பர்ப்பிள் லைன் நேராகவே வருகிறது, வண்டி மாற வேண்டாம். கப்பன் பார்க் நிலையத்தில் இறங்கி, விக்டோரியா ராணி சிலை வழியாகக் கஸ்தூர்பா ரோட்டில் நடந்தால் ஸ்டேடியம். ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் இருக்கும். பிள்ளையோடு இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சின்னசாமி ஸ்டேடியத்துக்கும் அதே நிலையம்தான். ஐபிஎல் நடக்கும் மாதங்களில் அன்றைக்கு அங்கே ஆட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கால்பந்து டிக்கெட் எடுங்கள். இரண்டும் ஒரே மாலையில் வந்தால் வேறு நாள் பாருங்கள்.

திரும்புவதற்கு நான் சொல்வது இதுதான். ஒன்று, எண்பதாவது நிமிடத்தில் கிளம்பிவிடுங்கள். இல்லை, கடைசிவரை இருந்து, கூட்டம் வடிந்த பிறகு நிதானமாக வாருங்கள். விசில் ஊதியதும் எல்லோரோடும் சேர்ந்து படியிறங்குவது மட்டும் கூடாது. பையன் விழித்திருந்தால் இருங்கள் என்பேன். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்கள் வெஸ்ட் பிளாக் முன்னால் வந்து நின்று, தலைக்கு மேல் கையை உயர்த்தி, டிரம்முக்கு ஏற்றபடி ரசிகர்களோடு சேர்ந்து கைதட்டுவார்கள். மெதுவாக ஆரம்பித்து வேகமெடுக்கும். கோலைக்கூட மறந்துவிடுவார்கள் பிள்ளைகள், இதை மறக்கமாட்டார்கள். வீட்டில் ஒரு வாரம் நடக்கும்.

உங்கள் செல் நம்பரை அவன் மணிக்கட்டில் பேனாவால் எழுதிவிடுங்கள். தொலைந்தால் நின்ற இடத்திலேயே நிற்கவேண்டும், காக்கிச் சட்டையிடம் கையைக் காட்டவேண்டும். இந்த இரண்டை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.

இன்னொருவர் கேள்வி:

நாங்களும் புதிதாக வந்தவர்கள்தான், சென்னை. மகளுக்கு ஏழு வயது, சென்னையின் எஃப்சி சட்டை வைத்திருக்கிறாள். அந்த அணி இங்கே வரும்போது அதைப் போட்டுக்கொண்டு போகலாமா?

பதில்:

போடட்டும். வெஸ்ட் பிளாக் பக்கம் மட்டும் போகாதீர்கள். இரண்டு அணிக்குமே நீலம்தான் என்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசமும் தெரியாது. கேலி இருக்கும், அடிதடி எதுவும் நான் பார்த்ததில்லை. 2018 மார்ச் 17 அன்று இதே கண்டீரவாவில் ஐஎஸ்எல் இறுதி ஆட்டம். லீக்கில் முதலிடம் பிடித்த பெங்களூரு. ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி தலையால் முட்டிக் கோலும் போட்டுவிட்டார். அப்புறம் மெயில்சன் ஆல்வெஸ் கார்னரிலிருந்து இரண்டு, ராஃபேல் அகஸ்டோ ஒன்று. சென்னை 3-2. இந்த ஊர் ரசிகர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. மறுவருடமே கோவாவை வென்று கோப்பையை எடுத்துக்கொண்டார்கள் என்றாலும் அந்தக் காயம் வேறு. யாராவது உங்கள் மகளைச் சீண்டினால் "மூணுக்கு ரெண்டு" என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு ஓடி வந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.